தீர்ப்பு முடிவு செய்யாதவை

அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைப் பற்றித் தமிழில் எழுதுவது என் வேலை. ஒரு தீர்ப்பு வெளிவந்ததும் நான் முதலில் தேடுவது, நீதிமன்றத்திடம் கேட்கப்பட்ட கேள்வி எது என்பதைத்தான். அது தெரியாமல் வெற்றி தோல்வியைப் பேசிப் பயனில்லை.

2025 ஜூன் 27 அன்று வந்த 'டிரம்ப் எதிர் காசா' (Trump v. CASA) தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். தாய் உரிய அனுமதியின்றியோ தற்காலிக விசாவிலோ இருந்து, தந்தை அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு பெற்றவராகவோ இல்லாவிட்டால், அங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது என்று அதிபர் டிரம்ப் பதவியேற்ற அன்றே ஆணையிட்டார். மேரிலாந்து, மாசசூசெட்ஸ், வாஷிங்டன் மாநிலங்களில் மூன்று ஃபெடரல் மாவட்ட நீதிமன்றங்கள் அதற்கு நாடு முழுமைக்கும் தடை விதித்தன. உச்ச நீதிமன்றம் 6-3 என அரசின் பக்கம் சாய்ந்ததும், பிறப்பால் வரும் குடியுரிமையே போய்விட்டது என்ற பேச்சு பரவியது. எச்1பி விசாவில் இருக்கும் ஒருவர் பதறிப்போய் என்னிடம் கேட்டார்: "சார், அக்டோபர்ல எங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகுது. பாஸ்போர்ட் கிடைக்குமா, கிடைக்காதா?"

அந்த ஆணை அரசமைப்புச் சட்டப்படி செல்லுமா என்று தீர்ப்பளிக்கும்படி அரசு கேட்கவேயில்லை. வழக்குத் தொடுக்காதவர்களுக்கும் சேர்த்து ஒரு மாவட்ட நீதிபதி தடை விதிக்கலாமா என்பதே அரசு எழுப்பிய கேள்வி. 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் அத்தகைய அதிகாரத்தைத் தந்ததாகத் தெரியவில்லை என்று பெரும்பான்மையினருக்காக நீதிபதி பாரெட் எழுதினார். உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது, மனுதாரர்களுக்கு முழு நிவாரணம் கிடைக்கத் தேவையான அளவைத் தாண்டிய தடையை மட்டும்தான். தீர்ப்பு வந்து முப்பது நாள் வரை ஆணை நடைமுறைக்கு வரக் கூடாது என்றும் சொன்னது.

இந்த வரம்பையும் முப்பது நாள் கெடுவையும் தீர்ப்பின் கடைசிப் பத்திகளில் காணலாம். முகப்பில் உள்ள சுருக்கத்தோடு நின்றுவிடக் கூடாது; அது வாசகர் வசதிக்காக நீதிமன்ற அலுவலர் தயாரிப்பது. அது தீர்ப்பின் பகுதியல்ல என்று அதிலேயே அச்சிட்டிருக்கும்.

உடன்பட்ட நீதிபதிகள் தனியே எழுதுவதையும் நான் தவறவிடுவதில்லை. அடுத்த வழக்கின் தடம் அங்கே தெரியும். பாதிக்கப்பட்ட எல்லோருக்குமாகக் கூட்டு வழக்குத் தொடுக்கும் வழியைக் கீழமை நீதிமன்றங்கள் தாராளமாகத் திறந்துவிடக் கூடாது என்று நீதிபதி அலிட்டோ எச்சரித்திருந்தார். ஜூலை 10 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு நீதிபதி, குழந்தைகளைக் கூட்டு மனுதாரர்களாக ஏற்று, அந்த வழியிலேயே ஆணைக்குத் தடை விதித்தார்.

நீதிபதி சோட்டோமேயரின் மாறுபட்ட தீர்ப்பு என்னை உலுக்கியது. பிறப்பால் குடியுரிமை தரும், 1868இல் வந்த அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் திருத்தத்தையும், அதை உறுதிசெய்த 1898ஆம் ஆண்டின் வோங் கிம் ஆர்க் தீர்ப்பையும் முன்வைத்து, ஆணை செல்லாது என்று அவர் உறுதியாக வாதிட்டார். என் நம்பிக்கையும் அதுவே. ஆனாலும் சிறுபான்மைத் தீர்ப்பு எவ்வளவு வலுவாக எழுதப்பட்டிருந்தாலும் சட்டமாகிவிடாது. என் நம்பிக்கையைச் சட்டம் போல எழுதினால், அதை நம்பி ஒரு குடும்பம் வேலையை விடும், ஊர் மாறும்.

அதனால் நான் எழுதும் ஒவ்வொரு கட்டுரையிலும் தீர்ப்பு எதை முடிவு செய்யவில்லை என்று சொல்லும் ஒரு பத்தி கட்டாயம் இருக்கும். பக்கத்தில் இடம் போதாவிட்டால் என் கருத்தை வெட்டிக்கொள்ளச் சொல்வேன். அந்தப் பத்தியை விட்டுக்கொடுக்க மாட்டேன்.