கோடியும் பழையதும்

வெள்ளிக்கிழமைகளில் பங்கு அலுவல் ஏதும் குறுக்கிடாவிட்டால், நாம் அத்திப்பட்டு நிலையத்தில் காலை வண்டியேறிக் கடற்கரை நிலையம் சென்று, அங்கே வண்டி மாறிப் பல்லாவரம் போய்வருவதுண்டு. வெள்ளிதோறும் அவ்வூரில் கூடும் சந்தையில் பழைய கடிகாரம், பழைய நாற்காலி, பழைய நூல் என எல்லாம் வரும். பழைய ஆடைகளும் வரும். அவற்றைப் புரட்டிப் பார்ப்பதில் நமக்குத் தனி இன்பம்.

அங்கே வாங்கிய கட்டம்போட்ட சட்டை ஒன்றை நாம் பயணங்களுக்கு உடுத்துகிறோம். ஒருநாள் நடைமேடையில் பங்கு இளைஞர் ஒருவர் அதை வியந்து பார்த்தார். “சட்டை நல்லா இருக்கே சாமி, எங்க எடுத்தீங்க?” என்றார். “பல்லாவரம் சந்தையில். நமக்கு முன்பு யாரோ உடுத்தியது” என்றோம். அவர் முகம் மாறியது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், “வெளியில சொல்லாதீங்க சாமி. நாங்க எடுத்துத் தர மாட்டோமா?” என்றார்.

அவருடைய அன்பில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் தாழ்ந்த குரல் நம்மோடு வண்டியேறி வந்தது. மறைக்கத்தக்க குற்றம் எதை நாம் செய்துவிட்டோம்?

அந்தச் சட்டையைத் தைத்தவர் கைதேர்ந்தவர். பையின் கட்டங்கள் மார்புப் பகுதியின் கட்டங்களோடு கோடு பிசகாமல் பொருந்தி நிற்கின்றன. கழுத்துப்பட்டை ஒருமுறை தேய்ந்து, பிரித்துத் திருப்பித் தைக்கப்பட்டிருக்கிறது. யாரோ ஒருவர் இச்சட்டையை விரும்பினார். யாரோ ஒருவர் அவருக்காக ஊசியைக் கையிலெடுத்தார். பன்முறை துவைத்த பருத்திக்கு மட்டுமே வாய்க்கும் மென்மை அதற்கு வந்துவிட்டது. கடையில் மடித்து அடுக்கிய புதுச்சட்டைக்கு இவ்வளவு வரலாறு ஏது?

வரலாறு என்றதும் நமது இரயில் பாதையே நினைவுக்கு வருகிறது. எண்ணூரும் கத்திவாக்கமும் கடந்து வண்டி திருவொற்றியூரை நெருங்குகையில், அருகே காலடிப்பேட்டை இருக்கிறது. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராயிருந்த ஜோசப் காலட் என்பவர் காலத்தில் நெசவாளர்களுக்கென அமைந்த குடியிருப்பு அது. அவர் பெயரே மருவி ‘காலடி’ ஆயிற்று. இன்னும் சற்றுத் தொலைவில் வண்ணாரப்பேட்டை. கும்பெனியார் கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்களின் பேட்டை அது. துணியால் வாழ்ந்த ஊர்களின் வழியாகத்தான் நாம் அன்றாடம் பயணம் செய்கிறோம்.

இவ்வட்டாரத்துக் கட்டத்துணிக்கு உலகெங்கும் ‘மெட்ராஸ்’ என்றே பெயர். நைஜீரியாவின் கழிமுகப் பகுதியில் வாழும் கலபாரி மக்கள் அத்துணியின் இழைகளை நுட்பமாக உருவி, புதுக்கோலங்கள் படைத்துத் தங்கள் சடங்குகளுக்கு உடுத்துவர். 1958ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குச் சென்ற மெட்ராஸ் துணி சலவையில் சாயம் விட்டது. வாங்கியோர் முதலில் சினந்தனர். வணிகர்களோ அக்குறையையே நிறையாக்கி, ‘சாயம் போவது உறுதி’ என விளம்பரம் செய்தனர். துவைக்கத் துவைக்க நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒவ்வோர் ஆடையும் தனித்தன்மை பெறுமாம்! வெளுத்துப்போன மெட்ராஸ் சட்டையை மேனாட்டார் இன்றும் தேடி வாங்குகின்றனர். அதைத் தந்த மண்ணில் வாழும் நாமோ சாயம் வெளுத்தால் வெட்கப்படுகிறோம்.

இவ்வெட்கம் நம் பாட்டிமாருக்கு இருந்ததில்லை. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடலாகாது என்பது அவர்கள் விதி. பாட்டனாரின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் பச்சிளங் குழந்தையைப் பொதிந்தனர். தாயின் பழம்புடவையில்தான் தூளி கட்டினர். புதுத்துணியின் கஞ்சி பிஞ்சுத் தோலை உறுத்தும் என்ற அறிவும் அதில் உண்டு. முன்னோரின் உடல்சூடு பிள்ளைக்குக் கிடைக்கட்டும் என்ற அன்பும் உண்டு. கோடித்துணி வருவது எப்போது? உயிர் பிரிந்தபின் உறவினர் கொண்டுவந்து போர்த்துகின்றனரே, அப்போது! உலகுக்கு வரும்போது பழையது. உலகை விட்டுப் போகும்போது புதியது. இடைப்பட்ட நாள்களில் மட்டும் பழையதென்றால் ஏன் இவ்வளவு கூச்சம்?

நம் வீட்டில் நாம் மூன்றாவது பிள்ளை. தமையன்மார் இருவரின் சட்டைகளும் வரிசையாக நம்மிடம் வந்து சேர்ந்தன. தந்தையார் நம்மைச் சென்னை மூர் மார்க்கெட்டுக்கு அழைத்துச் சென்று, இரவுப் பணிக்கென ஒரு பழைய கம்பளிச் சட்டை வாங்கியதும் நினைவிருக்கிறது. பழம்பொருள்களுக்குப் பேர்பெற்ற அவ்வங்காடி 1985ஆம் ஆண்டு மே மாதம் தீக்கிரையாயிற்று. இன்று புறநகர் இரயில் நிலையம் ஒன்று அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அக்கம்பளிச் சட்டையைத் தந்தையார் எவரிடமும் மறைத்ததில்லை. “வெள்ளைக்காரன் எவனோ எனக்காகத் தச்சுப் போட்டுட்டுப் போயிருக்கான்” என்று சொல்லிச் சிரிப்பார்.

இத்தனை அறிந்திருந்தும், பழைய ஆடையின் மாண்பை நாமே ஒருமுறை மறந்தோம். அதை இங்கே அறிக்கையிட வேண்டும்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலம் பரவி, படகுகளும் வலைகளும் கறுத்தன. மாற்றுத் துணியின்றி மக்கள் நின்றபோது, நகரத்திலிருந்த நண்பர்களுக்கும் நம் பங்கில் மேட்டுப் பகுதியினருக்கும் நாம் விடுத்த வேண்டுகோள் இதுதான்: “வீட்டில் பயன்படாத பழைய துணிகள் இருந்தால் கொடுத்து உதவுங்கள்.”

கொடுத்தார்கள். இரண்டே நாளில் பங்கு மன்றம் நிறைந்தது. பிரித்துப் பார்த்தபோது நம் நெஞ்சு சுருங்கியது. பொத்தானற்ற சட்டைகள், கறைபடிந்த விரிப்புகள், கிழிந்த உள்ளாடைகள். நாம் கேட்டது பயன்படாதது, வந்ததும் பயன்படாததே. கொடுத்தவர்மீது குற்றமில்லை.

வரிசையில் நின்ற தாய் ஒருவர், தம் மகனுக்கென நீட்டப்பட்ட கால்சட்டையை விரித்துப் பார்த்தார். மடித்துத் திரும்பக் குவியலின்மேல் வைத்தார். “சாமி, நாங்க வெள்ளத்துல நனைஞ்சோம். குப்பையில விழலையே” என்றார். குரலில் சினமில்லை. மகனைக் கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

குருமடத்தில் நான்காண்டுகள் இறையியல் பயின்ற நமக்கு, அன்று மன்றத்து வாசலில் கற்பித்தவர் அவர். ஆடை பழையது என்பதால் அவர் நாணவில்லை. கொடுத்தவருக்கு வேண்டாத ஒன்று என்பதால் நாணினார். நாம் விரும்பி உடுத்தும் ஒன்றைக் கொடுத்தால், அது எத்துணைப் பழையதாயினும் பரிசு. நமக்கு வேண்டாததைக் கொடுத்தால், அது நம் வீட்டைத் தூய்மை செய்ததேயன்றி வேறில்லை.

புனித மார்ட்டினின் போர்வையை நாம் அறிவோம். நான்காம் நூற்றாண்டில், கடுங்குளிரில், ஆமியேன் நகர வாயிலில் அப்படைவீரர் தம் போர்வையை வாளால் இரண்டாக அறுத்து ஓர் ஏழைக்குப் பாதி ஈந்தார். மீதிப் பாதியை அவரே போர்த்திக்கொண்டு நடந்ததும், அந்த அரைப்போர்வைக் கோலத்தைக் கண்டு சிலர் நகைத்ததும் பலரும் மறந்துவிடும் செய்தி. கொடுத்தவர், பெற்றவர் இருவர் மேலும் இருந்தது ஒரே பழந்துணி. ‘சிறு போர்வை’ எனப் பொருள்படும் ‘கப்பெல்லா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்தே சிற்றாலயத்தைக் குறிக்கும் சொல் ஐரோப்பிய மொழிகளில் பிறந்தது. அப்போர்வை காக்கப்பட்ட இடமே முதலில் அப்பெயர் பெற்றது.

மறு ஆண்டு நம் மன்றத்தின் மூலையில் ஓர் அலமாரி வைத்தோம். விதிகள் மூன்று. துவைத்து, தேய்த்து, பொத்தான் தைத்துக் கொண்டுவர வேண்டும். ஞாயிறு திருப்பலிக்கு நீங்களே உடுத்தி வரக்கூடியதை மட்டும் கொண்டுவர வேண்டும். எடுப்பவரும் ஏதேனும் கொடுக்க வேண்டும். துணி இல்லையேல் ஒருமணி நேரத் தையலும் போதும். முதற்பொருளாக, நாம் குருப்பட்டம் பெற்றபோது தமையனார் எடுத்துத் தந்த பட்டு வேட்டியை வைத்தோம். கை சற்றே தயங்கியதை மறைப்பானேன்? சரக்குப்பெட்டி லாரி ஓட்டும் ஒருவர் அதைத் தம் மகனின் நிச்சயதார்த்தத்திற்கு எடுத்துச் சென்றார். மணமகன்மீது அதைக் கண்டபோது, அது நம்மிடம் இருந்ததைவிட அழகாகத்தான் தெரிந்தது.

அடுத்த கோடை விடுமுறையில் அன்பியத்தார் பழவேற்காட்டுக்குச் சிற்றுலா சென்றோம். அனைவரும் அலமாரியிலிருந்து ஒன்றேனும் உடுத்தி வருவதென ஏற்பாடு. நம் தோளில் கட்டச்சட்டை. வேறு யாரோ தந்த வைக்கோல் தொப்பி தலையில். ஏரிக்கரையில் உணவருந்துகையில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு சிறுமியின் பாவாடையையே உற்றுநோக்கினார். அது அவருடைய பழைய கண்டாங்கிச் சேலை. சிறுமியின் முகம் வாடத் தொடங்கியது. நமக்கும் சோறு இறங்கவில்லை. ஆசிரியை அவளருகே அமர்ந்து, “மூணு இடத்துல கிழிஞ்சிருந்துச்சேம்மா, எங்க மறைச்சே?” என்றார். சிறுமி மடிப்புகளை ஒவ்வொன்றாக விலக்கிக் காட்டினாள். இரண்டைக் கண்டுபிடித்த ஆசிரியை மூன்றாவதைக் கண்டுபிடிக்கவில்லை. சிரிப்பொலி கரையெங்கும் கேட்டது.

குவியலின்மேல் கால்சட்டையை வைத்துவிட்டுப் போன அந்தத் தாய், நம் அலமாரியிலிருந்து எதையும் எடுத்ததில்லை. அவரை அழைத்துக் கேட்கவும் நமக்குத் துணிவு வரவில்லை. கடந்த கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரம், அவரே மன்றத்திற்கு வந்தார். கையில் செய்தித்தாளில் பொதிந்த ஒரு பொதி. உள்ளே சிறுவனின் நீலச்சட்டை ஒன்று, தேய்த்த மடிப்புக் கலையாமல் இருந்தது. நான்கு பொத்தான்கள் பழையவை. ஐந்தாவது, நிறம் சற்றே மாறுபட்ட புதுப் பொத்தான்.

“பையன் வளர்ந்துட்டான் சாமி. நல்ல சட்டை” என்றார்.

நாம் இரு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டோம்.