சுவருக்குள் இருந்த செலவு

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொன்ன பெரியவர்கள், பழைய ஃப்ளாட்டை இடித்துப்பார் என்று மூன்றாவதாக ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஃப்ளாட் ஏது!

எங்களுடையது மேற்கு மாம்பலத்தில், 1985-ல் கட்டிய ஃப்ளாட். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மாமனார் வாங்கிப் போட்டது. 2023 ஜனவரியில் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆயிற்று. இனிமேல் குந்தி உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஒரு மாசம் அம்மா எங்கிட்ட இருக்கட்டும் அண்ணி, அதுக்குள்ள பாத்ரூமைச் சரி பண்ணிடுங்க" என்று நாத்தனார் அழைத்துப் போனாள்.

வேலை அதோடு நின்றிருக்க வேண்டும். 'இடிக்கிறதுதான் இடிக்கிறோம்...' என்று ஆரம்பிக்கும் பேச்சு இருக்கிறதே, அதைப்போல் குடித்தனத்துக்கு ஆகாத பேச்சு வேறு கிடையாது. இடிக்கிறதுதான் இடிக்கிறோம், சமையலறையையும் பார்த்துவிடலாமே என்றேன் நான். பெயிண்டும் அடித்துவிடலாமே என்றார் இவர். மேஸ்திரி சுற்றிப் பார்த்து 3,80,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார். அதில் சமையலறை அலமாரிகளுக்கு மட்டும் 1,10,000. எங்கள் கையில் இருந்தது நாலு லட்சம். இவர் பி.எஃப்.பில் எடுத்ததும் கொஞ்சம் சேமிப்பும். பெண்ணின் காலேஜ் ஃபீஸுக்காகப் பாங்கில் போட்டிருக்கும் டெபாசிட்டைத் தொடுவதில்லை என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

மீதி இருபதாயிரம் இருக்கிறதே என்று நான் திரைச்சீலைக்குத் துணி பார்க்க ஆரம்பித்தேன். அலமாரிக் கடையில் பத்தாயிரம் அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. சுவரில் ஒரு செங்கல்கூட இன்னும் அசையவில்லை!

முதல் நாள் பாத்ரூம் தரையைப் பெயர்த்தார்கள். அந்தக் கால ஃப்ளாட்டுகளில் பாத்ரூம் தளத்தைப் பள்ளமாக இறக்கிப் போட்டு, குழாய் போன பிறகு உடைந்த செங்கல்லைப் போட்டு நிரப்பியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தச் செங்கல்லை எடுத்தால் சேறாக வருகிறது. எத்தனை வருஷமாகத் தண்ணீர் இறங்கியதோ! சத்தம் கேட்டு வந்த கீழ் வீட்டு மாமி என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்த் தன் வீட்டு மேல் தளத்தைக் காட்டினாள். கறுப்புக் கறுப்பாக ஓதம். "நாலு வருஷமா இப்படித்தான் இருக்கு. சொன்னா மனஸ்தாபம் வருமேன்னு இருந்துட்டேன்" என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

"எஸ்டிமேட்டில் இதெல்லாம் இல்லையா?" என்று மேஸ்திரியைக் கேட்டேன். "கண்ணுக்குத் தெரிஞ்சதைத்தாம்மா எழுதினேன். இது தனிக் கணக்கு" என்றார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை.

பள்ளத்தைச் சுத்தம் செய்து, தண்ணீர் இறங்காத பூச்சு பூசி, புதிதாக நிரப்ப 31,000. ஈரச் செங்கல்லையும் இடிந்த காரையையும் சாக்கில் கட்டி, இரண்டு மாடி தோளில் சுமந்து இறக்கி வண்டியில் ஏற்ற 11,000. குப்பைக்குக்கூட இவ்வளவா என்று வாயடைத்துப் போனேன். தெருவோரம் கொட்டினால் மாநகராட்சி அபராதம் போடுமே! ஒன்று மட்டும் நன்றாகச் செய்தோம். பூச்சு காய்ந்ததும் வெளியேறும் குழாயை அடைத்து, இரண்டு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி நிறுத்தினோம். கீழே மாமியும் நானும் காபி டம்ளரோடு அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். சொட்டவில்லை. பிறகுதான் மேலே நிரப்பச் சொன்னேன். மாமி வீட்டுத் தளத்தைப் பூசி வெள்ளையடித்துக் கொடுக்க 6,500. அதைக் கொடுத்தபோதுதான் மனசு கொஞ்சம் ஆறியது.

அடுத்தது குழாய். பழைய இரும்புக் குழாயை ஒரு துண்டு வெட்டி என் கையில் கொடுத்தார் பிளம்பர். உள்ளே துரு ஏறி, ஒரு பென்சில் போகிற வழிதான் பாக்கி. அத்தனையையும் எடுத்து சி.பி.வி.சி. குழாய் போட 27,000.

ஒயரிங்கோ இன்னும் மோசம். இழுத்தால் மேலுறை பொடியாக உதிர்கிறது. பாதி இடத்தில் எர்த் ஒயரே கிடையாது. அதில்தான் கெய்சரும் மிக்ஸியும் இத்தனை நாள் ஓடியிருக்கிறது! "இதை மட்டும் அடுத்த வருஷம் பார்த்துக்கலாமே" என்றார் இவர். ஈரக் கையோடு சுவரைப் பிடித்து நடக்கப் போகிறவர் உங்கள் அம்மா என்றேன். பேசாமல் தலையாட்டினார். மின்கசிவு ஏற்பட்டால் தானே அணைந்துவிடும் கருவியோடு சேர்த்து 48,000.

அதற்குள் ஒரு மாசம் போய்விட்டது. நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார்தான் தினமும் போனில், "தரை போட்டாச்சா?" என்பார்.

கடைசியில் அடுப்புக்கு நேர் மேலே தளத்தில் ஒரு விரிசல். மேஸ்திரி கம்பால் தட்டினார். 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம். உள்ளே கம்பி துருப்பிடித்தால் உப்பும். உப்பினால் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளிவிடுமாம். மேலாகப் பூசிப் பெயிண்ட் அடித்தால் வெளியே தெரியாது, ஆனால் மறுபடி பெயர்ந்து தலையில் விழும். தளர்ந்ததை உதிர்த்து, துருவைத் தேய்த்து, கம்பிக்கு மருந்து பூசி, தனிக் கலவை வைத்து அடைக்க 19,000.

அன்று ராத்திரி நோட்டை விரித்துக் கூட்டினேன். எழுதாத செலவு மட்டும் 1,42,500! "டெபாசிட்டை உடைச்சுடலாம். ஆறு மாசத்துல திருப்பிப் போட்டுடலாம்" என்றார் இவர். திருப்பிப் போட்ட கதையெல்லாம் எனக்குத் தெரியும். பெண் கூடத்தில் ப்ளஸ் டூ புத்தகத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரமாக ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேனாவை எடுத்து, சமையலறை அலமாரி 1,10,000 என்ற வரியை அடித்தேன். அட்வான்ஸ் பத்தாயிரத்தைக் கடைக்காரர் திருப்பித் தரவில்லை. அது போனதோடு சேர்த்துத் துண்டு விழுந்தது 22,500. ஐந்து வீட்டுப் பெண்களோடு நான் போட்டுவந்த சீட்டில் 25,000 எடுத்து அடைத்தேன்.

இப்போது யாராவது பழைய ஃப்ளாட்டில் கை வைக்கப் போகிறேன் என்றால் நான் சொல்வது இதுதான். எஸ்டிமேட் வாங்குவதற்கு முன் ஒரு நாள் கூலி கொடுத்து பிளம்பரையும் எலெக்ட்ரீஷியனையும் கூப்பிடுங்கள். பாத்ரூமில் இரண்டு கல்லைப் பெயர்த்துப் பாருங்கள். சுவிட்சுப் பெட்டியைத் திறந்து பாருங்கள், தளத்தைக் கம்பால் தட்டிப் பாருங்கள், கீழ் வீட்டிலும் போய்க் கேளுங்கள். கையிருப்பில் நாலில் ஒரு பங்கை, சுவரை மூடும் வரை இல்லாத பணமாகவே வைத்திருங்கள். டைல்ஸ், அலமாரி, திரைச்சீலை எல்லாம் அதற்கப்புறம்தான். டைல்ஸ் விலை கேட்கும்போது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா என்றும் கேளுங்கள். கடையில் சொன்னதற்கும் பில்லுக்கும் நடுவில் நான் விழித்து நின்றேன். சுவரை மூடுமுன் குழாய், ஒயர் போகும் வழியைப் போனில் படம் எடுத்து வையுங்கள். எனக்கு அது உடனே உதவியது. எப்படி என்கிறீர்களா?

இரண்டரை மாசம் கழித்து மாமியாரை நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேராக மாடி ஏற்றினார்கள். நேரே பாத்ரூமைப் பார்க்கப் போனார். வாசலில் நின்று, "பிடிச்சுக்க ஒண்ணும் இல்லையேம்மா?" என்றார். எதற்காக இந்த வேலையை ஆரம்பித்தோமோ, அந்தக் கைப்பிடிக் கம்பியை எஸ்டிமேட்டில் மேஸ்திரியும் எழுதவில்லை, எங்களுக்கும் நினைவில்லை! சீட்டுப் பணத்தில் 2,500 மீதி இருந்தது. படத்தைப் பார்த்துக் குழாயில் படாமல் துளை போட்டு, மறுநாளே இரண்டு கம்பிகள் பொருத்தினோம்.

சமையலறையில் அதே கடப்பைக் கல் அலமாரிதான். பழைய புடவையைக் கிழித்துத் திரை தைத்துப் போட்டிருக்கிறேன்.