தாமரைக் குளத்துக்குத் தண்ணீர்தான் எதிரி

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் சாலையில் சுமார் 16 கிலோமீட்டர். சித்தன்னவாசல் மலையின் மேற்குச் சரிவில் அறிவர் கோயில் என்ற சமணக் குகைக்கோயில். வருகிறவர்கள் முன்மண்டபத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓவியத்தைத் தேடி உள்ளே போகிறார்கள். நான் பார்க்க வந்ததே அந்த மண்டபத்தைத்தான்.

9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் குகையைப் புதுப்பித்து முகமண்டபமும் கட்டியதாக இங்குள்ள பாறைக் கல்வெட்டு சொல்கிறது. அந்த மண்டபம் இடிந்துபோனது. இப்போது நிற்பது கடந்த நூற்றாண்டில் புதுக்கோட்டை சமஸ்தானம் எழுப்பியது. தூண்கள் குடுமியான்மலையிலிருந்து வந்தவை. பழமை விரும்பிகள் சிலருக்கு இந்த ஒட்டுவேலை பிடிப்பதில்லை. எனக்குக் குறையாகத் தெரியவில்லை. சாரலும் வெயிலும் ஓவியத்தின் மேல் நேராக அடிக்காமல் தடுப்பது அதுதானே!

உள்ளே அண்ணாந்தால் கூரை முழுக்கத் தாமரைக் குளம். மீன், யானை, எருமை, அன்னம். நடுவே பூப்பறிக்கும் பவ்வியர்கள், அதாவது வீடுபேற்றுக்குத் தகுதியுள்ள சமண அடியார்கள். ஓர் இலையின் ஓரத்தை உற்றுப் பார்த்தேன். பச்சை சட்டென்று அறுந்து, வெறும் பாறை தெரிகிறது. சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சு சுமார் 2.5 மில்லிமீட்டர், அதன் மேல் அரை மில்லிமீட்டருக்கு மென்சுண்ணாம்பு. குளம் முழுவதும் அவ்வளவு கனத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1930களில் சென்னை அருங்காட்சியக வேதியியலர் எஸ். பரமசிவன் இந்தப் பூச்சையும் நிறங்களையும் சோதித்து எழுதியிருக்கிறார். காய்ந்த பூச்சின் மேல் தீட்டியது என்பதே பொதுவான கருத்து. அப்படிப்பட்ட வண்ணம் ஈரம் தாங்காது.

பாறை வெடிப்பில் இறங்கும் நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். மேற்பரப்பில் நீர் ஆவியாகிவிடும்; உப்பு படிகமாகிப் பூச்சைப் பின்னாலிருந்து நெம்பும். ஆகவே மேலே காப்புப் பூச்சு பூசினால் போதும் என்பது பாதி வைத்தியம். மாடித் தோட்டத்து மரப்பெட்டிக்கு வெளியே வார்னிஷ் அடித்துவிட்டு அடியில் துளை போடாமல் விட்டால் பலகை உள்ளுக்குள் உளுத்துப்போகுமே, அந்தக் கதைதான். பாறைக்குள் இறங்குமுன்பே மழைநீரை வேறு பக்கம் திருப்ப வேண்டும்.

இன்னோர் ஈரம் வாசல் வழியாகவே வருகிறது: நம் மூச்சும் வியர்வையும். ஆடல் மகளின் ஓவியம் உள்ள தூண் பக்கம் ஒருவர் கையை நீட்ட, "தொடாதீங்க சார், கை ஈரம் ஒட்டிக்கும்" என்றார் காவலர். பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டால் என்ன என்று அவரிடம் கேட்டேன்.

"பொங்கல் லீவுல வந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்று சிரித்தார்.