நிழல் காட்டிய நண்பகல்

நமது பாடசாலைகளில் வானியல் என்றதும் தொலைநோக்கி இல்லையே என்ற ஏக்கமே முதலில் எழுகின்றது. ஆயின் தொலைநோக்கி தோன்றுதற்குப் பன்னூற்றாண்டுகள் முன்னரே மனிதன் வானத்தை அளந்துவிட்டான். நேரான ஒரு தடி, கொத்தனாரின் தூக்குக்குண்டு, சிறிது நூல், ஒரு மணிக்கூடு, வெயில் விழும் மட்டமான சீமெந்துத் தரை ஆகியன இருந்தால் உச்சிப்பொழுதைக் கண்டுவிடலாம். உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் பயில்வோர்க்கு இதனினும் நல்ல முதற் பரிசோதனையை நான் அறியேன்.

முறை எளியது. ஒரு மீற்றர் உயரத் தடியைச் செங்குத்தாக நிறுத்தி, முற்பகலில் அதன் நிழல் நுனியைக் குறித்து நேரத்தை எழுதுக. தடியின் அடியை மையமாகவும் அந்நிழலின் நீளத்தை ஆரையாகவும் கொண்டு ஒரு வில் வரைக. நிழல் குறுகிப் பின் வளர்ந்து, பிற்பகலில் மீண்டும் அவ்வில்லைத் தொடும். அவ்விரு நேரங்களின் நடுவே உச்சிப்பொழுது. மிகக் குறுகிய நிழலை நேரே தேடுவதிலும் இது மேலானது; உச்சியை அண்மிய வேளையில் நிழலின் நீளம் மாறுவதே கண்ணுக்குப் புலப்படாது.

யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றில், பெப்ரவரி இரண்டாம் வாரத்தில், இதனைச் செய்வித்தேன். ஐந்து குழுக்களில் நான்கின் கொப்பிகளில் உச்சிப்பொழுது 12.00 என இருந்தது. முற்பகல் 11.04க்கு நிழலைக் குறித்த ஒரு குழுவினர், அது 1.44க்கு வில்லைத் தொட்டதைக் கண்ணாற் கண்டும், 12.56 என எழுதிக் கணக்கைச் சரிக்கட்டியிருந்தனர். ஐந்தாம் குழுவின் மாணவி மட்டும் 12.24 என எழுதி, அருகே ஒரு கேள்விக்குறியும் இட்டிருந்தாள். “உச்சி பன்னிரண்டு மணிக்குத்தானே, சேர்?” என்று தயக்கத்துடன் கேட்டாள்.

அவளது எண்ணே சரியானது. இலங்கையின் நியம நேரம் கிழக்கு நெட்டாங்கு 82.5 பாகைக்கு உரியது. யாழ்ப்பாணமோ ஏறத்தாழ 80 பாகையில் உள்ளது. பாகைக்கு 4 நிமிடமாக, ஞாயிறு இங்கு 10 நிமிடம் பிந்தியே உச்சியை அடையும். எஞ்சிய 14 நிமிடமும் புவியின் ஒழுக்கு நீள்வளையமாயிருப்பதாலும் அதன் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதாலும் அக்காலத்தில் நேரும் தாமதமாகும். 1996 மே மாதத்தில் நாட்டின் மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கின. 2006 ஏப்ரலிற் பழைய நேரத்துக்கே மீண்டன. நிழல் எவ்வாணைக்கும் அசையவில்லை.

நால்வகை வாசிப்புக்களும் ஒரே எண்ணில் வந்து முடிந்தமைதான் என்னை வருத்தியது. அம்மாணவர் சோம்பேறிகள் அல்லர். வெயிலில் நின்று உழைத்தவர்கள். ஆயினும் தம் கண்ணிலும் பார்க்க, கேட்டறிந்த எண்ணையே நம்பினர். விடைக்கே புள்ளி வழங்கும் நம் வழக்கத்துக்கு இதிற் பங்குண்டு. பல்கலைக்கழக ஆய்கூடத்திலும் இப்பழக்கத்தைக் காண்கின்றோம். நாளை இவர்களே நமது கிணற்று நீரில் நைத்திரேற்றின் அளவைப் பார்க்கப்போகின்றவர்கள். எதிர்பார்த்த எண்ணுக்கு வாசிப்பை வளைத்துப் பழகிய கை அங்கும் வளைக்குமாயின், அந்நீரைக் குடிப்போர் கதி யாது?

ஆகவே வழுவையும் அளவோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும். ஞாயிற்று வட்டம் அரைப் பாகை அகலமுடையதாதலால் நிழல் நுனி ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் மங்கியே தெரியும். அதனால் உச்சிப்பொழுதில் ஓரிரு நிமிட ஐயம் எஞ்சும். அதனை வெளிப்படையாக எழுதுவது அளவுக்கு இழுக்கன்று. 24 நிமிட வேறுபாட்டை அவ்வையம் விழுங்கவும் மாட்டாது.

அம்மாணவிக்கு நான் விளக்கம் முழுவதையும் அன்றே கூறவில்லை. நவம்பர் முதல் வாரத்தில் மீண்டும் அளக்குமாறு மட்டும் சொன்னேன். அப்போது புவி மறுபுறமாக 16 நிமிடம் முந்தும், உச்சி 11.54 அளவில் நிகழும். அது மாரிகாலம், முகில் விலகும் நாளுக்குக் காத்திருக்க நேரிடும். ஆனால் அந்நாளில் அவள் கொப்பியில் விழும் எண், பெப்ரவரியில் அவளிட்ட கேள்விக்குறிக்கு எந்த ஆசிரியரும் கூறமுடியாத விடையாக அமையும்.