கன்று வாங்கும் முன் கிணற்றைப் பாருங்கள்!

ராமேஸ்வரம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். கடலோ கூப்பிடு தூரத்தில். ஆனாலும் அந்தக் கிணறுகளின் தண்ணீர் கடல்போலக் கரிப்பதில்லை. தங்கச்சிமடத்து வில்லூண்டி தீர்த்தம் கடலுக்குள்ளேயே இருந்தும் நல்ல தண்ணீர் தருகிறது. மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதுதான் காரணம். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலேறிவிடும்.

இந்தத் தீவில் மனிதர்களைப்போலவே மரங்களும் அந்த மெல்லிய நன்னீரை நம்பித்தான் வாழ்கின்றன. தெருவோரம் நிழல் வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கன்று நடுகிறவர்கள், முதலில் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் ருசி பார்ப்பது நல்லது.

அடுத்தது மண். ஓரடிக் குழி தோண்டி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் மண்ணே பதில் சொல்லிவிடும். சில நிமிடங்களில் காணாமல் போனால் வெறும் மணல். அதில் ஈரமும் தங்காது, உரமும் தங்காது. கண்மாய் வண்டலும் மக்கிய எருவும் கலந்தால் தாக்குப் பிடிக்கும். ராமநாதபுரம் பக்கம் களிமண் தரையில் கதையே தலைகீழ். மறுநாளும் தண்ணீர் தேங்கி நின்றால் வேர் மூச்சுத் திணறும். அங்கே மேடு கட்டித்தான் நட வேண்டும். சிப்பித்தூள் கலந்த மண்ணில் சுண்ணாம்பு அதிகம். இரும்புச்சத்து மண்ணில் இருந்தாலும் வேருக்கு எட்டாது; தளிர் இலை மஞ்சளாக வெளுக்கும்.

உப்பின் அளவைக் கண்ணால் கணிக்க முடியாது. மண் பரிசோதனை நிலையத்தில் மின்கடத்தும் திறனைப் பார்த்துச் சொல்வார்கள். ஆய்வுக்கூடக் கணக்கில் அது 4 டெசிசைமனைத் தாண்டினால் உவர் மண்.

பிறகு காற்று. உப்பைச் சுமந்து வரும் கடல்காற்று, தான் மோதும் பக்கத்து இலைகளைக் கருக்கிவிடும். குடை விரித்ததுபோலத் தட்டையாக நிற்கும் உடைமரத்தையும், வளைந்து கொடுக்கும் பனையையும் பார்த்தாலே அந்த இடத்தின் குணம் புரியும். கடலைப் பார்த்த தெருவுக்குப் பூவரசும் புன்னையும் பொருந்தும். கொஞ்சம் உள்ளே தள்ளி, தண்ணீர் நன்றாக இருக்கும் இடத்தில் வேம்பு வைக்கலாம்.

கடைசியாக, நாள் பார்ப்பது. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம் என்பதால் ஊரெங்கும் அன்று கன்று நடுகிறார்கள். இந்தக் கரைக்கோ தென்மேற்குப் பருவம் காற்றைத்தான் அதிகம் கொண்டுவரும்; பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஜூனில் நட்டவர் நாலு மாதம் குடம் சுமக்க வேண்டும். சுமக்க ஆள் இல்லாத தெருவில் கூண்டு மட்டும் மிஞ்சும். 'இந்த மண்ணில் எதுவும் வராது' என்ற பேச்சும் கூடவே மிஞ்சும். புரட்டாசிக் கடைசிவரை பொறுத்து நட்டால், மழை முடிவதற்குள் கன்று வேர் பிடித்துவிடும். அடுத்த சித்திரை வெயிலைத் தாங்கிவிட்டால், அது தெருவுக்கே சொந்தமான மரம்!