பரங்கிமலைக் காட்சி

சென்ற தைத் திங்களின் இறுதியில், ஒரு சனிக்கிழமை காலை, எம் அன்னையார் பரங்கிமலைக்குச் செல்லவேண்டுமென்று கூறினார். எம் தமையனார் அம்மலையடியிலுள்ள படை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயின்று வருகின்றார். பயிற்சி முடிந்ததும் பீரங்கிப் படையிற் சேர விரும்புவதாக அவர் தொலைபேசியிற் கூறிய நாள் தொட்டு அன்னையார்க்கு நல்லுறக்கம் இல்லை. மலைமேல் மாதாவின் திருமுன் மெழுகுதிரி ஏற்றி, மகன் மனம் மாறவேண்டுமென்று மன்றாடுவதே அவர்தம் கருத்து. யாமோ, நூல்களிற் படித்த பழைய பீரங்கித் தலத்தைக் கண்ணாற் காணும் ஆவலொன்றே உடையவராய் உடன் சென்றோம்.

மயிலையினின்று பேருந்தேறிச் சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடந்தோம். இவ்விடத்தில் 1726-ஆம் ஆண்டிலே தம் கைப்பொருள் கொண்டு பாலம் கட்டினவர் பெட்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். பரங்கிமலைக்குப் படியமைத்த பெருந்தகையும் அவரே. அவர் கட்டிய பாலம் இன்றில்லை. அதனிடத்தே எழுந்த புதுப்பாலம் மறைமலையடிகளின் திருப்பெயர் தாங்கி நிற்கின்றது. தமிழ் பயிலும் எமக்கு அப்பெயரைக் காணுந்தோறும் சிறிது செருக்குத் தோன்றுவதுண்டு. எட்டிப் பார்த்த எம்மை நோக்கி அன்னையார், "படித்தது போதும், கம்பியைப் பிடித்துக்கொள்" என்றார்.

பீரங்கித் தலம் என்றதும் மதிலும் அகழியும் கொத்தளமும் எதிர்பார்த்துச் செல்வோர் இங்கே ஏமாற்றமடைவர். மலையின் உயரம் ஏறக்குறைய 300 அடியே. உச்சியில் இருப்பது கோட்டையன்று, கோயில். போர்த்துக்கீசியர் 1523-ஆம் ஆண்டில் அங்கே சிற்றாலயம் எழுப்பினர். 1547-இல் நிலத்தை அகழ்ந்தபோது பகலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை ஒன்று வெளிப்பட்டது. அது இன்றும் பீடத்தில் விளங்குகின்றது. படையோ மலையடியில் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிச் சென்னைப் பீரங்கிப் படைக்கு இவ்வூரே தலைமையிடமாயிற்று. மலைக்குப் பிருங்கி முனிவர் பெயரே வழங்கியதென்பாரும் உளர். ஆயினும், 'பரங்கி' என்பது ஐரோப்பியரைக் குறித்த 'பிரங்கி' என்னும் சொல்லின் திரிபென்றும், 'பீரங்கி' என்பதும் அச்சொல்வழிப் பிறந்ததென்றும் சொல்லாராய்வோர் கூறுவர். அங்ஙனமாயின் மலையின் பெயரும் படைக்கலத்தின் பெயரும் உடன்பிறந்தவை ஆகின்றன. இதனை அன்னையாரிடம் சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைக் கண்டு அடக்கிக்கொண்டோம்.

படிகள் நூற்றுமுப்பதுக்கு மேற்பட்டவை. வழியில் அமைந்த சிலுவைப்பாதை நிலைகள் பதினான்கிலும் அன்னையார் நின்று நின்று செபித்தார். அதனால் எமக்குச் சுற்றிலும் நோக்கப் போதிய பொழுது வாய்த்தது. ஏற ஏற, வீடுகள் தாழ்ந்தன. காற்றில் உப்பின் மணம் கலந்தது. உச்சியை அடைந்தபோது ஒருபுறம் மீனம்பாக்கத்து ஓடுபாதையும், கிழக்கே கிண்டிக் காட்டின் பசுமையும், அதற்கப்பால் வெயிலில் வெள்ளித் தகடுபோற் கடலும் தோன்றின. எம் மயிலைச் சாந்தோம் கோயிலின் கோபுரத்தை நெடுநேரம் தேடினோம், கட்டடங்களிடையே அகப்படவில்லை.

கடலைக் கண்டவுடன்தான் இம்மலையின் போர்ச் சிறப்பு எமக்கு விளங்கிற்று. 1758-ஆம் ஆண்டு டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டைக்கு வெளியே நின்று அவரை அலைக்கழித்த ஆங்கிலப் படைக்கு மேஜர் கலியாடும், கான்சாகிபு எனத் தென்னாடு அறிந்த யூசுபுகானும் தலைவர்கள். 1759 பிப்ரவரி 9-ஆம் நாள் இம்மலையடியில், தோட்ட வீடுகளையும் அவற்றின் மதில்களையும் அரணாகக் கொண்டு, அவர்கள் பிரெஞ்சுப் படையை எதிர்த்தனர். பகலெல்லாம் பீரங்கிகள் முழங்கின. மாலையிற் பிரெஞ்சியர் பின்வாங்கியபோது, வென்றவரிடத்தும் மருந்தும் குண்டும் பெரும்பாலும் தீர்ந்திருந்தன. ஒரு வாரங்கழித்து, 16-ஆம் நாள், ஆங்கிலக் கப்பல்களின் பாய்கள் கடலிலே தோன்றின. மறுநாள் லாலி முற்றுகையைக் கைவிட்டார். அன்று பாய்களைக் காண இதனினும் நல்ல இடம் வேறேது? யூசுபுகானை அவ்வாங்கிலேயரும் நவாபும் 1764-இல் மதுரையில் தூக்கிலிட்டமை வேறு கதை. நினைக்க நெஞ்சம் கசக்கும்.

1769-இல் ஐதர் அலி தம் குதிரைப்படையுடன் இம்மலையருகே வந்து நின்று, சென்னையாரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தார். கோயிலருகே லாம்டன் என்னும் படை அதிகாரியின் மார்பளவுச் சிலையொன்றும் கண்டோம். அவர் 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் இம்மலைப்பக்கத்தில் தொடங்கி, நூறடி எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் நிலத்தை அளந்தார். இந்திய நாட்டின் பெரு நில அளவை அந்த அடிக்கோட்டின்மேல் எழுந்ததே. உயரத்தில் நின்று நோக்கும் கண் ஒன்றே. அதனைக் குறிபார்க்கவும் கொண்டனர், நிலப்படம் வரையவும் கொண்டனர்.

இவற்றை யாம் எண்ணிக்கொண்டிருக்க, அன்னையார் கடலைப் பாராமல், கீழே மரங்களிடையே தோன்றிய பயிற்சிக் கழகத்தின் திடல்களையே பார்த்து நின்றார். அன்று தமையனாரைக் காண இசைவில்லை. சிறிது நேரங்கழித்து, "தம்பி, பீரங்கி சுடுகிறவன் குண்டு எங்கே விழுகிறதென்று காண்பானா?" என்று வினவினார்.

யாம் அறிந்ததைச் சொன்னோம். யூசுபுகான் காலத்துக் களப்பீரங்கி அரைமைல் தொலைவுக்கே நன்கு பயன்படும். சுட்டவன் எதிரியைக் கண்டே சுட்டான். இக்காலத்துப் பீரங்கிகளிற் பல 24 கிலோமீட்டருக்கு அப்பாலும் எறியவல்லவை. அவற்றின் அருகே நிற்போர்க்கு இலக்குத் தோன்றாது. உயர்ந்த இடமொன்றில் தொலைநோக்கியுடன் அமர்ந்திருக்கும் ஒருவர், குண்டு விழுந்த இடத்தைக் கண்டு, 'இன்னும் இடப்புறம், இன்னும் முன்னே' என்று வானொலி வழியாகத் திருத்தம் சொல்வார்.

"அப்படி உயரத்தில் இருப்பவன் யார்?"

பெரும்பாலும் இளம் அதிகாரியே என்று யாம் மறுமொழி கூறினோம். கூறிய பின்னரே அதன் பொருள் எமக்கு உறைத்தது.

அன்னையார் மீண்டும் கீழே நோக்கினார். "அப்படியானால் அவன் எல்லாவற்றையும் காண்பான்" என்றார். அதனால் அவர் ஆறுதல் கொண்டாரா அச்சம் கொண்டாரா என்று எம்மால் அறியக்கூடவில்லை. பின்னர்க் கோயிலினுள் சென்று நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தார். மெழுகுதிரி இரண்டு ஏற்றினார். வாங்கி வந்தது ஒன்றே.

வெளியே வந்ததும், அண்ணன் மனம் மாறத்தானே வேண்டினீர்கள் என்று கேட்டோம்.

"இன்னும் வேண்டி முடியவில்லை" என்று சொல்லி அவர் படியிறங்கத் தொடங்கினார். இறங்கும்போதும் பதினான்கு நிலைகளிலும் நின்றார்.