ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆன் பண்ணாதீர்கள்!

33 வருடம் உங்களுக்கு டிரான்ஸ்பார்மர் பாடம் நடத்தியவன், போன மாதம் அதே பாடத்தில் தோற்கப் பார்த்தேன்.

பேத்தி எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறாள். செகண்ட் ஹேண்டில் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கிக் கொடுத்தேன். 15 வாட்ஸ்தானே என்று நினைத்தேன். கீழ் வீட்டம்மா பக்கவாதத்தில் படுத்திருப்பவர். மறுநாளே அவர் மகன் வந்து, "சார், அம்மா ராத்திரி தூங்கவே இல்ல" என்றார். அதோடு பேத்தி கிட்டாரை உறையில் போட்டுவிட்டாள்.

வால்யூமைக் குறைத்தால் போதாதா என்று கேட்டேன். "அந்த டோன் வராது தாத்தா" என்றாள். அவள் சொன்னது சரி. வால்வு திணறும்போதுதான் அந்த இனிமையான கரகரப்பு வரும்.

ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி அதை மிக்சரில் சொருகி, ஹெட்போனில் கேட்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை. நல்லவேளை, சவுண்ட் சர்வீஸ் நடத்தும் என் பழைய மாணவனுக்கு முதலில் போன் செய்தேன்.

"ஐயோ சார், ஆன் பண்ணிடலையே?" என்று பதறினான். லோடு இல்லாமல் வால்வு ஆம்ப் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் எகிறி இன்சுலேஷனே போய்விடலாம். ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலை மிக்சரும் தாங்காது. "நீங்க நடத்தினதுதானே சார்" என்றான், கிண்டல் இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தான். ஸ்பீக்கரை மாட்டியபடியே, லைன் அவுட்டிலிருந்து ஹெட்போனுக்கு எடுத்துக் காட்டினான். தகர டப்பாவில் வண்டு அடைத்த மாதிரி இருந்தது! கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக மங்கிவிடும்; அதுதான் கரகரப்பின் கூர்மையை வடிகட்டுகிறதாம். டோனில் பாதி ஸ்பீக்கர்தான். 1962-இல் லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில் செய்த முதல் ஆம்ப், ஃபெண்டர் பாஸ்மேனின் சர்க்யூட்டைப் பார்த்துச் செய்ததுதான். வால்வும் ஸ்பீக்கர் பெட்டியும் மாறியதில் சத்தமே வேறாகிவிட்டது.

பிறகு, ஸ்பீக்கர் பெட்டியின் தன்மையையும் சேர்த்துத் தரும் ஒரு சின்ன டிஜிட்டல் ஆம்ப்பின் ஹெட்போன் அவுட்டில் வாசிக்க வைத்தான். பேத்தி கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் வாசித்தாள். எனக்குக் கேட்டதெல்லாம் கம்பியின் டிக் டிக் மட்டும். "முக்கால்வாசி வருது தாத்தா" என்றாள். மீதிக் கால்வாசிக்காக வால்வு ஆம்ப் இப்போது அவன் குடோனில் இருக்கிறது. ஞாயிறுதோறும் அங்கே போகிறோம். நான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஆம்ப் வாங்கப் போகிறவர்கள், வாட்ஸைப் பார்க்கும் முன் பின்பக்க சாக்கெட்டுகளைப் பாருங்கள். 8 ஓம் என்று போட்டிருந்தால் 8 ஓம் ஸ்பீக்கரையே மாட்டுங்கள். கிட்டார் ஒயரை ஸ்பீக்கர் ஒயராகப் பயன்படுத்தாதீர்கள். சந்தேகம் வந்தால் கேளுங்கள். எனக்குத் தெரியாவிட்டால் என் மாணவனிடம் கேட்டுச் சொல்கிறேன்.